பாப்அப் கேம்பருக்குள் பொடிப்பூச்சி வராமல் தடுப்பது எப்படி? கடலூர், புதுச்சேரி பக்கம் தங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்களிடம் இருப்பது காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற பாப்அப் கேம்பர். கைப்பிடியைச் சுற்றினால் கூரை மேலே எழும்பும், இரண்டு பக்கமும் படுக்கைகள் இழுப்பறை மாதிரி வெளியே நீளும், சுவர் என்று பார்த்தால் கேன்வாஸ் துணியும் ஜன்னல் வலையும்தான். வீடு கடலூரில் என்பதால் பெரும்பாலும் கடற்கரை, கழிமுகம் என்றே சுற்றுகிறோம். வண்டியைப் பார்க்கிறவர்கள், புதிதாக வாங்கியவர்கள், செய்து வாங்க நினைப்பவர்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது பூச்சிக்கடியைப் பற்றித்தான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

ஜன்னல் எல்லாவற்றிலும் கொசுவலை இருக்கிறது. அப்புறம் எப்படி உள்ளே வந்து கடிக்கிறது?

கொசுவலை கொசுவுக்குத்தான். உங்களைக் கடித்தது கொசுவே இல்லாமல் இருக்கலாம்.

முதல் தடவை நாங்கள் சாமியார்பேட்டை பக்கம் தெரிந்தவர் ஒருவரின் சவுக்குத் தோப்பில் தங்கினோம். ஜிப் எல்லாம் இழுத்து மூடியாயிற்று, ஒரு கொசு ரீங்காரம்கூடக் கேட்கவில்லை, நிம்மதியாகத் தூங்கினோம். விடிந்து பார்த்தால் சின்னவளின் கணுக்காலில் இருந்து முழங்கால் வரை சிவப்புச் சிவப்பாகப் புள்ளி. வேர்க்குரு என்றுதான் முதலில் நினைத்தேன். என் மனைவிதான் ஜன்னல் வலைக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "இங்க வந்து பாருங்க, மிளகுத்தூள் மாதிரி ஏதோ ஒட்டிட்டு இருக்கு, நகருது" என்றாள். போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தபோது தெளிவாகத் தெரிந்தது: சிறகை மடித்துக்கொண்டு, வலையின் ஒரு கண்ணுக்குள் தலையை நுழைத்து, உடம்பை இழுத்து, மறுபக்கம் வந்துவிட்டது. பறந்து வரவில்லை, நடந்து வந்தது. வலையில் வந்து உட்கார்ந்து, ஓட்டையைத் தேடி நடக்கிற பூச்சி இது என்பதை மனதில் வைத்துக்கொண்டால், இனி நான் சொல்லப்போவது எல்லாம் எளிதாகப் புரியும்.

அது என்ன பூச்சி?

அறிவியல் பெயர் கூலிகாய்டஸ். ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். நான் இங்கே பொடிப்பூச்சி என்றே எழுதுகிறேன். கொசு மாதிரியே இதிலும் பெண் பூச்சிதான் ரத்தம் குடிக்கும், முட்டை வைப்பதற்காக. ஆனால் கொசு ஊசி மாதிரி குத்தி உறிஞ்சும், இது தோலைச் சின்னதாகக் கிழித்து ஊறுகிற ரத்தத்தைக் குடிக்கும். எரிச்சல் அவ்வளவு இருப்பதற்கு அதுவும் அதன் எச்சிலும்தான் காரணம்.

முட்டை வைக்க இதற்குத் தேங்கிய தண்ணீர் வேண்டும் என்று இல்லை. ஈரச் சேறு போதும். உப்பங்கழி ஓரம், அலையாத்திக் காட்டுச் சேறு, வயல் வரப்பு, மக்கும் இலை, மாட்டுத் தொழுவத்தைச் சுற்றி சாணியும் மூத்திரமும் ஊறிய மண் என்று எங்கேயும் வளரும். நம் பக்கத்தில் இதெல்லாம் இல்லாத இடம் எது? பிச்சாவரத்தில் தில்லையும் சுரபுன்னையும் நிற்கிற சேறு, பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகம், கடலூருக்குத் தெற்கே கடலை ஒட்டியே வருகிற உப்பனாறு, புதுச்சேரிப் பக்கம் போனால் சுண்ணாம்பாறு, அரியாங்குப்பம், தேங்காய்த்திட்டு. அழகான இடங்கள், அதனால்தான் அங்கே போய்த் தங்க ஆசைப்படுகிறோம். பூச்சிக்கும் அதே இடங்கள்தான் வீடு.

அப்படியென்றால் எந்த வலை வாங்க வேண்டும்?

முதலில் இப்போது இருக்கிற வலையைச் சோதித்துப் பாருங்கள். சமையலறையில் இருந்து ஒரு சிட்டிகை கசகசா எடுத்து வலைத் துண்டின் மேல் போட்டு லேசாகத் தட்டுங்கள். பொலபொலவென்று கீழே விழுந்தால் அந்த வலை பொடிப்பூச்சிக்கு ஆகாது. மேலேயே நின்றால் பரவாயில்லை.

எண்ணிப் பார்க்க விரும்பினால் ஸ்கேலை வலையின் மேல் வைத்து ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை கண் என்று எண்ணுங்கள். வீட்டு ஜன்னலுக்கு அடிக்கிற சாதாரண வலையில் ஆறோ ஏழோதான் இருக்கும், ஒவ்வொரு கண்ணும் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். பொடிப்பூச்சியை நிறுத்த பதினொன்று, பன்னிரண்டு கண்ணாவது வேண்டும், அதாவது ஓட்டை அரை மில்லிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். கடையில் இன்ச் கணக்கில் சொல்வார்கள், அப்போது "30 மெஷ்ஷுக்குக் குறையாமல்" என்று கேளுங்கள்.

எங்கே கிடைக்கும் என்றால், இதைப் பலர் யோசிப்பதே இல்லை, கொசுவலைக் கடையில் அலைவதைவிட விவசாயப் பொருள் விற்கிற கடையில் கேட்பது சுலபம். நாற்றங்காலிலும் வலைக்கூடாரத்திலும் வெள்ளை ஈ வராமல் தடுக்க 40 மெஷ் பூச்சித் தடுப்பு வலை விற்கிறார்கள். வெயிலில் கிடப்பதற்கென்றே செய்தது, சீக்கிரம் பொடிந்து போகாது. கொஞ்சம் விறைப்பாக இருக்கும், தைப்பவர் முணுமுணுப்பார், ஆனாலும் உழைக்கும். அவசரத்துக்கு ஜவுளிக்கடையில் ஆர்கன்சா துணி வாங்கிப் பழைய வலைக்கு உள்பக்கம் வெல்க்ரோ வைத்து ஒட்டலாம். நாங்கள் முதல் ஆறு மாதம் அப்படித்தான் ஓட்டினோம்.

தைப்பதற்கு லாரி தார்ப்பாய் தைக்கிறவர்களிடம் போங்கள். சாதாரணத் தையல் மிஷினில் கேன்வாஸ் ஏறாது. பழைய வலையைப் பிரிக்காமல் அதன் மேலேயே புதியதைச் சேர்த்துத் தைக்கச் சொன்னால் பலமும் கிடைக்கும், பிரிக்கிற கூலியும் மிச்சம்.

வலையை மாற்றிவிட்டேன். இன்னமும் கடிக்கிறது. என்ன தப்பு?

ஓட்டை. வலையில் இல்லை, வண்டியில்.

பாப்அப் கேம்பர் என்பது மடிந்து விரிகிற வண்டி. மடிகிற இடம் எல்லாம் இடுக்குதான். அதைக் கண்டுபிடிக்க நல்ல இருட்டில் ஒருவர் உள்ளே பிரகாசமான டார்ச்சோடு நின்று, ஒவ்வொரு மூலையிலும் மெதுவாக வெளிச்சம் காட்ட வேண்டும். இன்னொருவர் வெளியே சுற்றி வந்து, வெளிச்சம் எங்கெல்லாம் கீற்றாகக் கசிகிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். பிறகு குனிந்து வண்டிக்கு அடியிலும் பார்க்க வேண்டும், அடியைப் பார்க்காமல் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். நாங்கள் முதல் தடவை செய்தபோது பதினேழு கோடு போட்டோம். பதினேழில் ஐந்து தரையில் இருந்தது.

எந்த இடங்கள் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன். இழுத்து விடுகிற படுக்கையும் வண்டி உடம்பும் சேர்கிற நான்கு மூலைகள்தான் முதல் குற்றவாளி. கேன்வாஸ் அங்கே வெல்க்ரோவில் ஒட்டும், மூலையில் மட்டும் ஒரு விரல் நுழையும் அளவுக்கு மடிப்பு விழும். அங்கே ஒரு சாண் நீளத்துக்குக் கூடுதல் மடல் தைத்து இரண்டு பக்கமும் வெல்க்ரோ வைத்தோம். அடுத்தது ஜிப் முடிகிற முனை. இரண்டு ஜிப் வந்து சந்திக்கிற புள்ளியில் ஒரு சின்ன முக்கோணம் திறந்தே இருக்கும். ஒரு துணுக்கு நுரைப் பஞ்சைத் திணித்தால் போதும், அவ்வளவுதான் அதற்கு வைத்தியம். கதவின் அடிப்பக்கத்துக்குக் கார் கதவுக்குப் போடுகிற ரப்பர் பீடிங். வயர் நுழைகிற ஓட்டை, கூரையைத் தூக்குகிற கம்பி வடம் வருகிற துளை, ஃபிரிட்ஜ் காற்றுப் போக்கி எல்லாவற்றுக்கும் அந்த 40 மெஷ் வலையையே சின்னத் துண்டாக வெட்டி சிலிக்கான் வைத்து ஒட்டுங்கள். பாத்திரம் கழுவுகிற தொட்டியின் வடிகால் குழாய் நேராக வெளியேதான் திறக்கிறது, ராத்திரி அதற்கு மூடி போட மறக்காதீர்கள்.

உப்புக் காற்றில் ஜிப் பல் இறுகிவிடும், வேகமாக இழுத்தால் பல் விலகி நடுவில் வாய் பிளக்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை நல்ல தண்ணீரில் துடைத்துவிட்டு, காய்ந்ததும் மெழுகுவத்தியைத் தேய்த்து வையுங்கள்.

வண்டியை எங்கே நிறுத்தினால் பூச்சி குறைவு?

காற்று உள்ள இடத்தில். இந்தப் பூச்சிக்குப் பறக்கிற பலம் கிடையாது. மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். சவுக்கின் நுனி விடாமல் ஆடிக்கொண்டிருந்தால் நல்ல இடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு விஷயம். பகலிலும் மாலையிலும் கடல் காற்று கிழக்கே இருந்து வரும், அப்போது கரையில் நின்றால் பூச்சியே இல்லாத மாதிரி இருக்கும். அதை நம்பி நிறைய பேர் கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே இருக்கிற மணல்மேட்டில் வண்டியைப் போட்டுவிடுகிறார்கள். ராத்திரி ஏற ஏற அந்தக் காற்று ஓய்ந்து, கரைக்காற்று மேற்கில் இருந்து கிளம்பும். மேற்கே என்ன இருக்கிறது? உப்பங்கழி. நடுவில் காற்று ஓய்ந்து இலை அசையாமல் நிற்கிற நேரமும் இருக்கும், அதுவும் விடியற்காலையும்தான் கடி அதிகம். கழிமுகத்துக்குப் பக்கத்தில் தங்குவதாக இருந்தால் சேற்றில் இருந்து எவ்வளவு தள்ளி நிறுத்த முடியுமோ அவ்வளவு தள்ளி, மேடான இடமாகப் பாருங்கள். தொழுவத்துக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளில் தங்கியபோது மண் செம்மண்ணாக, காய்ந்து இருந்ததால் தொல்லை மிகக் குறைவு. பிச்சாவரம் பார்க்க வேண்டுமா, பகலில் படகில் போய்விட்டு ராத்திரி தங்க உள்ளே தள்ளி வந்துவிடுங்கள், குழந்தைகள் இருந்தால் நான் கட்டாயம் அதைத்தான் சொல்வேன்.

எந்த மாதங்களில் அதிகம்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் இருந்து தை வரை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்ததே, அதற்குப் பிறகு வயலும் வாய்க்காலும் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடந்தன. அந்தச் சமயத்தில் நாங்கள் வண்டியை வெளியே எடுக்கவே இல்லை. சித்திரை, வைகாசியில் குறையும், ஆனால் கழிமுகச் சேறு காயாத இடத்தில் வருடம் முழுக்க உண்டு.

நெருக்கமான வலை போட்டால் உள்ளே புழுங்காதா?

புழுங்கும், மறைக்க ஒன்றுமில்லை. கண் சின்னதாக ஆக ஆகக் காற்று வருவது குறையும். கத்திரி வெயிலில் இந்த வலையோடு, விசிறி இல்லாமல் தூங்க முடியாது.

ஆனால் விசிறிதான் இதில் பாதி வைத்தியமும். 12 வோல்ட் விசிறி இரண்டு வாங்கி ஒவ்வொரு படுக்கைக்கும் ஒன்று, கால் பக்கத்தில் இருந்து தலை நோக்கி அடிக்கிற மாதிரி மாட்டுங்கள். தப்பித் தவறி உள்ளே வந்த பூச்சியால் அந்தக் காற்றை எதிர்த்து உங்கள் மேல் உட்கார முடியாது. நாம் விடுகிற மூச்சின் வாடையைப் பிடித்துக்கொண்டுதான் அது நம்மைத் தேடி வருகிறது, காற்று அதையும் கலைத்துவிடும். ஒரு விசிறி ஒன்றரை ஆம்பியர் இழுத்தால் எட்டு மணி நேரத்துக்கு 12 ஆம்பியர் ஹவர், இரண்டுக்கும் 24. வண்டியில் 100 ஆம்பியர் ஹவர் பேட்டரி இருந்தால் தாராளம்.

கொசுவத்தி, சாம்பிராணி, வேப்பிலைப் புகை போடலாமா?

உள்ளே கூடாது. சுற்றிலும் துணி, கீழே மெத்தை, நடுவில் நெருப்புக் கங்கு. படுக்கையில் குழந்தை காலை உதறினால் போதும். நெருப்பு பற்றாவிட்டாலும், எல்லா இடுக்கையும் அடைத்த பிறகு அந்தப் புகை வெளியே போக வழி எது? விடிய விடிய அதைத்தான் சுவாசிப்பீர்கள். கரி அடுப்பும் கேஸ் அடுப்பும் மூடிய கேம்பருக்குள் எரியவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

வெளியே உட்கார்ந்து பேசும்போது வேப்பிலைப் புகை போடுவது வேறு விஷயம். புகை இருக்கிற வரை பூச்சி விலகி நிற்கும், காற்று திரும்பினால் திரும்பி வரும். கேம்பரில் இருந்து நன்றாகத் தள்ளிப் போடுங்கள், அணைத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுங்கள்.

தடவுகிற கிரீம் வேலை செய்யுமா?

செய்யும். டீட் அல்லது இகாரிடின் சேர்ந்ததா என்று பெட்டியில் பாருங்கள். பொடிப்பூச்சியால் துணிக்கு மேலே இருந்து கடிக்க முடியாது, வாய் குட்டை. அதனால் முழுக்கை சட்டையும் லுங்கிக்குப் பதிலாக முழு பேண்டும் காலுறையும் போட்டுக்கொண்டால் கை, கழுத்து, காது மடல் என்று வெளியே தெரிகிற இடத்துக்கு மட்டும் தடவினால் போதும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு டீட் கூடாது. குழந்தைகள் கையில் தடவாதீர்கள், கை வாய்க்குப் போகும்.

இன்னொன்று, டீட் பிளாஸ்டிக்கை அரிக்கும். கேம்பரில் மழைக்கு மூடுகிற கண்ணாடி மாதிரியான வினைல் ஜன்னல் இருக்கிறதே, தடவிய கையோடு அதைப் பிடித்துத் தள்ளினேன். ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்துவிட்டது, எவ்வளவு துடைத்தும் போகவில்லை. மூக்குக்கண்ணாடி, போன் உறை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். தடவிய பின் உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

வலையில் மருந்து அடிக்கலாமா?

துணிக்கென்றே விற்கிற பெர்மெத்ரின் மருந்தை, அதன் அட்டையில் சொன்ன அளவில் வலைக்கு அடிக்கலாம். பூச்சி நடந்துதான் உள்ளே வருகிறது என்பதால் வலையில் கால் பட்டதுமே பலன் கிடைக்கும். வீட்டில் வைத்து அடித்து நன்றாகக் காய்ந்த பிறகு கிளம்புங்கள். மீனுக்கும் இறாலுக்கும் இது விஷம். உப்பங்கழி ஓரத்தில் வைத்து அடிப்பதும், மிச்சத்தை அங்கே ஊற்றுவதும் அந்தத் தண்ணீரை நம்பிப் பிழைக்கிறவர்கள் வயிற்றில் அடிக்கிற வேலை, தயவுசெய்து செய்யாதீர்கள். வீட்டில் பூனை இருந்தால் ஈரமாக இருக்கும்போது பக்கத்திலேயே விடாதீர்கள், அதற்கும் ஆகாது. வயலுக்கு அடிக்கிற மருந்தை வாங்கிக் கலக்கி வலையில் தெளிப்பது மட்டும் வேண்டாம்.

விளக்கைப் பார்த்து வருகிறதா?

வரும். வெள்ளை, நீல வெளிச்சத்துக்கு அதிகம், மஞ்சளுக்குக் குறைவு. ஆனால் விளக்கைவிட முக்கியம் கதவு. விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னாலேயே படுக்கை விரித்து, சாமான் எடுத்து வைத்து, ஜிப் எல்லாம் மூடிவிட வேண்டும். அதற்கப்புறம் உள்ளே போவதாக இருந்தால் உள் விளக்கை அணைத்துவிட்டு, பாதி ஜிப் மட்டும் திறந்து, சட்டென்று போங்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகள் இதை விளையாட்டு மாதிரி பழகிவிட்டார்கள். வந்த விருந்தாளிகளுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

உள்ளே வந்துவிட்டால் எப்படி விரட்டுவது?

கொசு பேட் உதவாது, கம்பிகளுக்கு நடுவே புகுந்து போய்விடுகிறது. விசிறியைக் கூட்டி வைத்துத் தூங்குங்கள். விடிந்ததும் கிழக்கு ஜன்னல் வலையில் வெளிச்சத்தைப் பார்த்துக் கும்பலாக ஒட்டியிருக்கும். ஈரத் துணியால் ஒரே இழுப்பாகத் துடைத்துவிடலாம்.

இது கடித்தால் நோய் வருமா?

நம் பக்கத்தில் இதனால் வருகிற நோய் ஆட்டுக்குத்தான். செம்மறி ஆடுகளுக்கு மழைக்காலத்தில் வருகிற நீலநாக்கு நோயைப் பரப்புவது இந்தப் பூச்சிதான். அது மனிதருக்கு ஒட்டாது. நமக்கு அரிப்பும் சொறிந்து புண்ணாவதும்தான் தொல்லை.

கொசு அப்படி இல்லை. புதுச்சேரியில் 1975 முதல் நோய் பரப்பும் பூச்சிகளுக்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் நடக்கிறது என்றால் இந்தக் கரையில் யானைக்கால் நோய் எவ்வளவு பாடுபடுத்தியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பொடிப்பூச்சியைத் தடுக்கிற வலை கொசுவையும் தடுக்கும். ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால் பூச்சிக்கடிதானே என்று விடாமல் மருத்துவரைப் பாருங்கள், எங்கே தங்கினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

கடித்த இடத்துக்கு என்ன போடுவது?

குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணி, பிறகு காலமைன் லோஷன். சிலருக்கு அரிப்பு ஒரு வாரத்துக்கு மேலும் இருக்கும். குழந்தைகளின் நகத்தை முதல் நாளே வெட்டிவிடுங்கள், பாதிப் புண் நகத்தால்தான் வருகிறது. கடித்த இடம் சுற்றிலும் சூடாகி வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ, முகம் வீங்கி மூச்சு வாங்கினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

புதிதாகக் கேம்பர் செய்யச் சொல்லப் போகிறேன். பட்டறையில் என்ன கேட்க வேண்டும்?

எங்களுக்குச் செய்து கொடுத்தவரிடம் "கடற்கரைக்குத்தான் அண்ணே போவோம், நல்ல வலையாப் போடுங்க" என்று மட்டும் சொன்னோம். அவர் வீட்டு ஜன்னல் வலையைப் போட்டுவிட்டார், நல்ல தரமான வலைதான், கண்தான் பெரியது. நீங்கள் வலைத் துண்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ஜிப் பிளாஸ்டிக் பல்லாக இருக்கட்டும், உலோகம் இங்கே துருப்பிடிக்கும். தரையில் போடுகிற ஒவ்வொரு ஓட்டைக்கும் வலை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பணத்தை முழுசாகக் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் இருட்டிய பிறகு பட்டறைக்குப் போய், டார்ச் வைத்து மேலே சொன்ன சோதனையைச் செய்துவிடுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் கேன்வாஸ் அவர் கையில் இருக்கும்போதே தைத்து வாங்குவது வேறு, பிறகு நீங்கள் பிரித்து எடுத்துக்கொண்டு அலைவது வேறு.

வீட்டில் நிறுத்தி வைக்கும்போது கவனிக்க வேண்டியது உண்டா?

ஈரத்தோடு மடிக்காதீர்கள், பூஞ்சை பிடித்துத் துணி இற்றுப்போகும். மேலே போட்ட தார்ப்பாயின் குழிவில் மழைத் தண்ணீர் தேங்கினால் ஒரு வாரம், பத்து நாளில் டெங்கு கொசு அங்கேயே முட்டையில் இருந்து பறக்கிற நிலைக்கு வந்துவிடும், அதனால் வாரம் ஒரு தடவை தட்டிக் கொட்டுங்கள். அடுத்த பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால் வாசலிலேயே விரித்து வைத்து எலி எங்காவது வலையைக் கடித்திருக்கிறதா என்று பாருங்கள். போன மாசி மாதம் எங்கள் வண்டியில் தலைமாட்டு ஜன்னலில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது, கிளம்புவதற்கு முன் பார்த்ததால் ஊசி நூலோடு பத்து நிமிடத்தில் முடிந்தது.